கடிகாரத்தில் 2 நிமிடம் 51 விநாடி மீதம்

கேள்வி: எனக்கு வயது 43. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒன்பது வயது மகள் செஸ் வகுப்புக்குப் போகிறாள். அவளோடு ஈடுகொடுத்து ஆட வேண்டும் என்ற ஆசையில் பத்து மாதங்களுக்கு முன்பு கைபேசியில் ஆடத் தொடங்கினேன். செஸ்.காம் தளத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நிமிட ஆட்டங்கள் பத்துப் பன்னிரண்டு ஆடுகிறேன். ரேட்டிங் 600க்கும் 700க்கும் நடுவிலேயே நிற்கிறது. ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வு முறைகள்) காணொளிகள் நிறையப் பார்த்துவிட்டேன். லண்டன், சிசிலியன், காரோ-கான் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். ஆனால் எதிராளி யாரும் காணொளியில் வந்ததுபோல ஆடுவதில்லை. தொடர்ந்து ஏழெட்டு ஆட்டம் தோற்றுவிட்டு, போன புள்ளிகளை மீட்க நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்துவிடுகிறேன். இந்த வயதில் மூளை இனி ஏற்காதா? எந்த ஓப்பனிங்கைப் படிக்கலாம்? பணம் கட்டி உறுப்பினர் ஆகலாமா? கடைசியாக ஆடிய ஐந்து ஆட்டங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐந்து ஆட்டங்களையும் மரப்பலகையில் காய்களை அடுக்கி ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தேன். அந்தப் பதிவுகளில் நகர்வுகளோடு, ஒவ்வொரு நகர்வுக்கும் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரமும் இருக்கிறது. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. முதல் ஆட்டத்தில் ஏழாவது நகர்வில் மேட் வாங்கியிருக்கிறீர்கள், அதாவது ராஜா தப்ப வழியில்லாமல் தோற்றிருக்கிறீர்கள். அப்போது உங்கள் கடிகாரத்தில் மீதமிருந்தது 2 நிமிடம் 51 விநாடி. ஒரு முழு ஆட்டத்தையும் ஒன்பது விநாடியில் ஆடி முடித்திருக்கிறீர்கள். வயதைப் பற்றிய கேள்விக்கும் ஓப்பனிங் பற்றிய கேள்விக்கும் பதில் அந்த ஒன்பது விநாடிக்குள் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பக்கத்தில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு படியுங்கள். கட்டங்களின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்.

நீங்கள் வெள்ளை. ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இ4க்குத் தள்ளினீர்கள், எதிராளி இ5 ஆடினார். குதிரையை எஃப்3க்குக் கொண்டுவந்து அந்தச் சிப்பாயைத் தாக்கினீர்கள், அவர் தன் குதிரையைச் சி6இல் வைத்துக் காவல் கொடுத்தார். பிஷப்பைச் சி4க்கு இறக்கினீர்கள். இதுவரை ஒரு பழுதும் இல்லை. இத்தாலியன் என்று இதற்குப் பெயர். நானூறு ஆண்டுகளாக ஆடப்பட்டுவரும் முறை. மூன்றாவது நகர்வாக அவர் சி6 குதிரையை எடுத்து டி4இல் வைத்தார். உங்கள் குதிரை வெட்டக்கூடிய கட்டம் அது. அதோடு இ5 சிப்பாய்க்கு இருந்த காவலும் போய்விட்டது. நீங்கள் ஒரே விநாடியில் அந்தச் சிப்பாயை வெட்டினீர்கள்.

அவருடைய ராணி ஜி5க்கு வந்தது. உங்கள் இ5 குதிரையையும் ஜி2 சிப்பாயையும் அது ஒருசேரப் பார்த்தது. நீங்கள் அதற்குள் எஃப்7 சிப்பாயைக் குதிரையால் வெட்டிவிட்டீர்கள். ராணிக்கும் யானைக்கும் ஒரே குதிரை குறி. காணொளிகளில் பார்த்த ஃபோர்க் கைக்கு வந்துவிட்டது என்று அந்த நேரத்தில் நெஞ்சு துள்ளியிருக்கும். அந்தத் துள்ளல் எனக்கும் பழக்கம்தான். ராணி ஜி2 சிப்பாயை வெட்டி யானையைத் தாக்கியது. யானையை எஃப்1க்கு ஒதுக்கினீர்கள். ராணி இ4 சிப்பாயையும் வெட்டி செக் வைத்தது. பிஷப்பை இ2க்கு இழுத்து மறித்தீர்கள். டி4இல் அதுவரை சும்மா நின்ற குதிரை எஃப்3க்கு வந்தது. மேட். இ2 பிஷப் அந்தக் குதிரையை வெட்ட முடியாது. வெட்டினால் இ4 ராணிக்கு நேராக உங்கள் ராஜா திறந்துகொள்ளும். ராஜா நகர இடமும் இல்லை. சுற்றியிருக்கும் ஐந்து கட்டங்களிலும் உங்கள் காய்களே அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

இந்தப் பொறிக்கு ஒரு பெயர் உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில ஆட்டக்காரர் ஜோசப் ஹென்றி பிளாக்பர்னின் பெயரையும், பந்தயமாக வைக்கும் ஒரு ஷில்லிங் நாணயத்தையும் சேர்த்து பிளாக்பர்ன் ஷில்லிங் என்பார்கள். ‘பார்த்தீர்களா, இதைப் படித்திருந்தால் தோற்றிருக்க மாட்டேனே’ என்று உங்களுக்குத் தோன்றும். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். இதைப்போல நூற்றுக்கணக்கான பொறிகள் இருக்கின்றன. இதை மனப்பாடம் செய்தால் நாளைக்கு இன்னொன்றில் விழுவீர்கள். டி4இல் குதிரை வந்து நின்றபோது உங்களுக்குப் பெயர் தெரிய வேண்டியதில்லை. ஒரு கேள்வி போதும்: காவலை விட்டுவிட்டு, வெட்டக்கூடிய இடத்தில் ஒரு குதிரையைக் கொண்டுவந்து இவர் ஏன் வைக்கிறார்?

அந்தக் கேள்வியோடு இருபது விநாடி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருடைய ராணிக்கு ஜி5 வரை வழி திறந்திருப்பது தெரிந்திருக்கலாம். அதுகூடத் தெரியாமல் போனாலும், ‘எனக்கு இது புரியவில்லை, அந்தக் குதிரையையே வெட்டிவிடுகிறேன்’ என்று டி4இல் வெட்டியிருக்கலாம். அவர் சிப்பாயால் திருப்பி வெட்டியிருப்பார். நீங்கள் காஸ்லிங் செய்து, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம்மாற்றி ராஜாவைப் பாதுகாத்துக்கொண்டு, நிம்மதியாக ஆடியிருக்கலாம், நிலையும் உங்களுக்கே சற்று மேலாக இருந்திருக்கும். நான்காவது நகர்வில் இருந்தது அவ்வளவுதான்.

மற்ற நான்கு ஆட்டங்களையும் இதே கண்ணோடு பார்த்தேன். மூன்றாவது ஆட்டத்தில் எதிராளியின் பிஷப் எட்டு நகர்வுகளாக உங்கள் யானையைக் குறிவைத்துக்கொண்டிருந்தது. நடுவில் மறைத்து நின்ற உங்கள் குதிரையை நீங்களே நகர்த்தி வழிவிட்டீர்கள். நான்காவதில் நீங்கள் வென்றீர்கள், ஏனென்றால் எதிராளி தன் ராணியை உங்கள் சிப்பாய் வெட்டக்கூடிய கட்டத்தில் கொண்டுவந்து வைத்தார். ஐந்தாவதிலும் ஒரு குதிரையைச் சும்மா கொடுத்திருக்கிறீர்கள். இரண்டாவது ஆட்டம் வேறு மாதிரி, அதைப் பிறகு சொல்கிறேன். 600க்கும் 700க்கும் நடுவில் ஆட்டங்கள் தீர்மானமாவது இப்படித்தான். காவல் இல்லாத காயை யார் கடைசியாகப் பறிகொடுக்கிறாரோ அவர் தோற்கிறார். லண்டனா சிசிலியனா என்பது அந்த நிலைக்கு வந்து சேரும் வழியை மட்டுமே மாற்றும்.

உங்கள் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தைகள் நம்மைவிட வேகமாகக் கற்கிறார்கள் என்பது உண்மை, அதை மறைத்துப் பேச மாட்டேன். உங்கள் மகள் ஒரு வடிவத்தை மூன்று முறை பார்த்தால் பிடித்துக்கொள்வாள், உங்களுக்குப் பத்து முறை தேவைப்படலாம். கிராண்ட்மாஸ்டர் ஆகும் வாய்ப்பும் இனி இல்லை. ஆனால் இப்போது உங்களைத் தடுத்துக்கொண்டிருப்பது நினைவாற்றலோ கணக்கிடும் வேகமோ அல்ல. எதிராளியின் நகர்வைப் பார்க்காமலே உங்கள் விரல் போய்விடுகிறது. நீங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள். ஒரு வவுச்சரில் கையெழுத்துப் போடும்முன் தொகையை எழுத்தாலும் எண்ணாலும் ஒத்துப் பார்க்கிறீர்கள் அல்லவா? அதை உங்களுக்கு யாரும் திறமை என்று சொல்லிக்கொடுக்கவில்லை, பழக்கமாக்கினார்கள். பலகையிலும் அதே பழக்கம்தான் வேண்டும்.

உலகின் உச்சியிலும் இந்தக் கேள்விதான் ஓடுகிறது என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம். அப்போதைய சாம்பியன் டிங் லிரனும் அவரை எதிர்த்து ஆடிய குகேஷும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. டிங்குக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆனாலும் டிரா செய்யக்கூடிய நிலை. 55ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2இல் வைத்து யானைகளை மாற்றிக்கொள்ள அழைத்தார். பார்க்க இயல்பான நகர்வு. மூலையில் இருந்த டிங்கின் பிஷப்பையும் குகேஷ் கட்டாயமாக மாற்றிக்கொள்ள வைப்பார், மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே, அது தோல்வி என்பதை டிங் அந்த ஒரு கணம் பார்க்கவில்லை. எனக்கு இதில் இன்னும் பிடித்தது அடுத்து நடந்தது. குகேஷும் முதலில் அதைக் கவனிக்கவில்லை. தன் யானையை வேறு கட்டத்துக்குக் கொண்டுபோகும் நகர்வை ஏறக்குறைய ஆடியே இருப்பேன், பிறகுதான் அந்த பிஷப் சிக்குவது தெரிந்தது என்று அவரே ஆட்டம் முடிந்தபின் சொன்னார். கை போகும்முன் நிறுத்தி எதிராளியின் நகர்வை இன்னொரு முறை பார்த்ததில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

இனி, நடைமுறையில் என்ன செய்வது என்று சொல்கிறேன்.

மூன்று நிமிட ஆட்டத்தை ஆறு மாதத்துக்கு விட்டுவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேக ஆட்டம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் கூர்மையாக்கும். பார்க்காமல் நகர்த்துவது தெரிந்திருந்தால் அதையும் கூர்மையாக்கும். பத்து மாதங்களில் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் நீங்கள் பயிற்சி செய்தது அதைத்தான். 15 நிமிடமும், ஒவ்வொரு நகர்வுக்கும் 10 விநாடி கூடுதலும் தரும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். தளத்தில் ரேப்பிட் பிரிவில் வரும். ஒரு ஆட்டம் முக்கால் மணி நேரம் வரை போகலாம். அந்தப் பிரிவுக்குத் தனி ரேட்டிங் என்பதால் இப்போதைய எண் அங்கே உங்களைத் தொடராது.

நேரம் கூடுதலாக இருந்தும் பலர் அதே வேகத்தில்தான் ஆடுவார்கள். கைபேசி கையில் இருந்தால் கட்டைவிரல் எப்போதும் காய்க்கு மேலேயே நிற்கும். கைபேசியை மேசையில் எதிலாவது சாய்த்து நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். விரல் அரையடி தூரம் பயணம் செய்ய வேண்டியிருந்தால் அதற்குள் கண் ஒரு முறை பலகையைச் சுற்றி வந்துவிடும். சின்ன வேலைதான். என்னிடம் பயிலும் பெரியவர்கள் பலருக்கு இது ஒரு புத்தகத்தைவிட அதிகம் உதவியிருக்கிறது.

எதிராளி நகர்த்தியதும் அந்தக் காய் எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று, வந்த இடத்திலிருந்து எதைத் தாக்குகிறது, விட்டுப்போன இடத்தில் என்ன வழி திறந்தது என்று பாருங்கள். பிறகு உங்கள் நகர்வை மனத்தில் முடிவுசெய்யுங்கள். தொடும்முன் இன்னொரு கேள்வி: நான் இதை ஆடினால் அவரால் எங்கே செக் வைக்க முடியும், எதை வெட்ட முடியும்? முதல் வாரம் இது சலிப்பாக இருக்கும், இருபதாவது நகர்வில் மறந்தும் போவீர்கள். முழு ஆட்டமும் மறக்காமல் கேட்ட முதல் நாள் எதுவென்று உங்களுக்கே தெரியும், ஏனென்றால் அன்றைக்கு எதிராளிதான் காய்களைச் சும்மா கொடுத்துக்கொண்டிருப்பார்.

ஆட்டம் முடிந்ததும் தளம் உடனே ஆய்வைக் காட்ட வரும். துல்லியம் இத்தனை விழுக்காடு என்றும், இந்த நகர்வு அற்புதம், அந்த நகர்வு பெரும்பிழை என்றும் வண்ண வண்ணமாகச் சொல்லும். அதை உடனே திறக்காதீர்கள். முதலில் நீங்களே ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: ஆட்டம் எந்த இடத்தில் கை மாறியது, அப்போது நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன், எதைப் பார்க்கவில்லை. பிறகு கணினியிடம் கேளுங்கள். கணினி சரியான நகர்வைச் சொல்லும். நீங்கள் ஏன் தவறானதை ஆடினீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், மறுநாள் காலையில் அதுவும் மறந்துவிடும். குகேஷை வளர்த்த பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப ஆண்டுகளில் அவரைக் கணினி எஞ்சின் பக்கமே விடாமல் தானே கணக்கிட வைத்தார். நமக்கு அவ்வளவு தவம் வேண்டாம், பத்து நிமிடம் தள்ளிப்போட்டால் போதும்.

உங்கள் இரண்டாவது ஆட்டத்துக்கு வருகிறேன். படித்தபோது மனம் கொஞ்சம் கஷ்டப்பட்டது. நாற்பது நகர்வு நன்றாக ஆடி, ராணியும் ராஜாவுமாக நீங்கள் இருக்க, எதிராளிக்கு ராஜா மட்டும் மிஞ்சியது. அந்த ராஜாவை ஹெச்8 மூலைக்கு ஓட்டிவிட்டு, ராணியை ஜி6இல் கொண்டுபோய் வைத்தீர்கள். செக்கும் இல்லை, அவர் நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட், அரைப் புள்ளி. இது பார்க்காததால் வந்த பிழை மட்டும் அல்ல, முறை தெரியாததாலும் வந்தது. ஒரு மாலையில் கற்றுக்கொண்டால் வாழ்நாள் முழுக்கப் போதும்.

ராணியை எதிரி ராஜாவிலிருந்து ஒரு குதிரைத் தாவல் தொலைவில் வையுங்கள். ராஜா எந்தப் பக்கம் நகர்கிறதோ ராணியும் அதே பக்கம் அதே அளவு நகரட்டும். செக்கே வேண்டாம். ராஜா தானாக ஓரத்துக்குப் போய்ச் சேரும். ஓரத்துக்கு வந்ததும் இந்த விளையாட்டை நிறுத்துங்கள், ஏனென்றால் மூலையில் இருக்கும் ராஜாவுக்கு அதே குதிரைத் தொலைவுதான் ஸ்டேல்மேட். ஹெச்8 ராஜாவுக்கு ஜி6 அப்படிப்பட்ட கட்டம், எஃப்7 இன்னொன்று. அவற்றுக்குப் பதிலாக ராணியை இ7இல் நிறுத்திவிடுங்கள். ராஜா ஜி8க்கும் ஹெச்8க்கும் மட்டும் போய்வந்துகொண்டிருக்கும். உங்கள் ராஜா ஒவ்வொரு கட்டமாக நடந்து ஜி6க்கு வரட்டும். அடுத்த நகர்வில் ராணி ஜி7இல் இறங்கினால் மேட். இன்று இரவே கணினிக்கு எதிராக இதைப் பத்து முறை ஆடிப் பாருங்கள். அடுத்து ஒரு யானையும் ராஜாவும் வைத்து மேட் செய்வது, அதற்கடுத்து ஒரே ஒரு சிப்பாயோடு ராஜா எப்படி முன்னால் நடந்து வழிகாட்ட வேண்டும் என்பது. இப்போதைக்கு இந்த மூன்று கடைசிக்கட்ட ஆட்டங்கள் தெரிந்தால் போதும்.

ஓப்பனிங் கேள்வியைச் சுருக்கமாக முடிக்கிறேன். வெள்ளைக்கு நீங்கள் ஆடிய இத்தாலியனே இருக்கட்டும். கறுப்புக்கு, அவர் இ4 ஆடினால் இ5, டி4 ஆடினால் டி5. நடுக்கட்டங்களில் ஒரு சிப்பாய், இரண்டு குதிரைகளும் பிஷப்புகளும் வெளியே, பத்து நகர்வுக்குள் காஸ்லிங், ஒரே காயை இரண்டு முறை காரணமில்லாமல் நகர்த்தாமல் இருப்பது. உங்கள் நிலையில் அடிக்கடி வருவது இன்னொன்று உண்டு: இரண்டாவது நகர்விலேயே ராணியை ஹெச்5க்குக் கொண்டுவந்து, பிஷப்பைச் சி4இல் வைத்து, எஃப்7இல் நான்கே நகர்வில் மேட் தேடுவார்கள். பதறாதீர்கள். ராணி வந்ததும் குதிரையைச் சி6இல் வைத்து இ5 சிப்பாயைக் காப்பாற்றுங்கள். பிஷப் வந்ததும் ஜி6 ஆடி ராணியை விரட்டுங்கள். அது எஃப்3க்குப் போய் மறுபடி எஃப்7ஐப் பார்த்தால், இன்னொரு குதிரையை எஃப்6இல் வைத்து மறித்துவிடுங்கள். அவருடைய ராணி மட்டும் ஊர் சுற்றியிருக்கும், உங்கள் குதிரைகள் இரண்டும் வேலைக்கு வந்திருக்கும். காணொளிகளை மொத்தமாக நிறுத்தச் சொல்ல மாட்டேன். அவற்றைச் சாப்பிடும்போது பார்க்கலாம், பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

புதிர்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஓப்பனிங்குக்குச் செலவிட்ட நேரத்தை அங்கேதான் போட வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து புதிர் போதும். நேரம் ஓடும் புதிர்ப் பந்தயங்கள் வேண்டாம். விடை கடைசி நகர்வுவரை மனத்தில் தெரிந்த பிறகுதான் முதல் நகர்வைத் தொட வேண்டும். அதிர்ஷ்டத்தில் சரியாக வந்த புதிரைத் தவறாக வந்தது என்றே கணக்கு வையுங்கள்.

விஸ்வநாதன் ஆனந்தின் சிறுவயதுக் கதை ஒன்றை என் வகுப்பில் அடிக்கடி சொல்வேன். 1970களின் இறுதியில் அவருடைய தந்தைக்கு ரயில்வே பணி காரணமாகப் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் சில காலம் இருக்க வேண்டியிருந்தது. அங்கே தொலைக்காட்சியில் மதிய நேரத்தில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும், முடிவில் நேயர்களுக்கு ஒரு புதிர் இருக்கும். ஆனந்த் அப்போது பள்ளியில் இருப்பார். தாய் சுசீலா உட்கார்ந்து நிகழ்ச்சியைப் பார்த்து, ஆட்டங்களையும் புதிரையும் தாளில் குறித்துவைப்பார். மாலையில் மகன் வந்ததும் இருவரும் சேர்ந்து பலகையில் அடுக்கி விடை தேடுவார்கள். சரியான விடைக்குப் பரிசாகப் புத்தகம் தருவார்கள். ஆனந்த் தொடர்ந்து வென்றுகொண்டே இருந்ததில், வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்கள். பின்னாளில் மின்னல் வேகத்தில் ஆடியதற்காகவே உலகம் வியந்த ஆட்டக்காரர் அவர். அந்த வேகத்துக்குக் கீழே, ஒரு நாளைக்கு ஒரு புதிரை வைத்துக்கொண்டு அம்மாவும் பிள்ளையும் மாலை முழுவதும் உட்கார்ந்த பொழுதுகள் இருக்கின்றன.

ரேட்டிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. தளம் உங்களுக்குச் சமமானவர்களைத்தான் தேடிக் கொண்டுவந்து எதிரில் உட்கார வைக்கிறது. அதனால் பாதி ஆட்டம் தோற்பது உங்கள் குறை அல்ல, அந்த ஏற்பாடே அப்படித்தான். 200 புள்ளி கூடுதலாக இருப்பவர்கூட நூற்றுக்குச் சுமார் 76 புள்ளிதான் எடுப்பார் என்பது ரேட்டிங் கணக்கு. மீதி 24ஐக் கீழே இருப்பவருக்குக் கொடுத்துவிடுவார். ஒரு வாரத்தில் 50, 60 ஏறுவதும் இறங்குவதும் வெறும் அலை. மாதத்தின் முதல் நாள் மட்டும் எண்ணைப் பாருங்கள். நண்பர் யாராவது லிச்செஸ் தளத்தில் தனக்கு 1200 என்று சொன்னால் மனம் தளர வேண்டாம். அங்கே எல்லோருக்கும் 1500இல் தொடங்கும், இரண்டு தளத்து எண்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பணம் கட்டும் கேள்விக்கு, இப்போது வேண்டாம். லிச்செஸ் நன்கொடையில் இயங்கும் தளம். புதிர்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, கணினி ஆய்வுக்கும் கட்டணம் இல்லை. அந்தத் தொகையில் நல்ல மரப்பலகையும் காய்களும் வாங்குங்கள்.

நள்ளிரவு ஆட்டங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. நீங்கள் அனுப்பிய ஐந்தில் மூன்று, பதிவில் இருக்கும் நேரப்படி, இரவு பன்னிரண்டரைக்குப் பிறகு ஆடியவை. ஏழு நகர்வு ஆட்டமும் அவற்றில் ஒன்று. முந்தைய ஆட்டம் முடிந்து நான்காவது விநாடியில் அது தொடங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் செஸ் ஆடவில்லை, போனதைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தீர்கள். நீண்ட ஆட்டத்துக்கு மாறினால் ஒரு இரவுக்கு ஒன்றுதான் முடியும், இந்தச் சிக்கல் பாதி தானாகவே தீரும். மீதிப் பாதிக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: தோற்ற ஆட்டத்துக்கு அடுத்து வேறொரு ஆட்டம் அன்றைக்குக் கிடையாது, நோட்டில் மூன்று வரி எழுதிவிட்டுத் தூக்கம். ஒரு நாள் ஆட்டம், மறுநாள் அந்த ஆட்டத்தின் குறிப்பும் ஐந்து புதிரும். உங்களுக்குக் கிடைக்கும் முக்கால் மணி நேரத்துக்கு இது சரியாக இருக்கும்.

ஐந்து புதிரில் ஒன்றை மட்டும் கைபேசியில் பார்க்காமல் மகளிடம் விட்டுவிடுங்கள். அவள் வகுப்பில் கொடுத்த புதிர் ஒன்றை உங்களுக்காகப் பலகையில் அடுக்கிவைக்கட்டும், நீங்கள் வேலையிலிருந்து வந்ததும் விடை சொல்லுங்கள். மணிலாவில் தாய் மகனுக்குச் செய்ததை உங்கள் வீட்டில் மகள் அப்பாவுக்குச் செய்யட்டும். அவள் எப்படிப் பார்க்கிறாள் என்பதும் உங்களுக்குத் தெரியவரும்.

இந்த வார இறுதியில் ஒரு வேலை. அந்த ஏழு நகர்வு ஆட்டத்தை மகளுக்கு முன்னால் அடுக்குங்கள். கறுப்புக் குதிரை டி4க்கு வரும்வரை மட்டும் காட்டுங்கள். இது யாருடைய ஆட்டம், எப்படி முடிந்தது என்று சொல்ல வேண்டாம். ‘நீயாக இருந்தால் என்ன ஆடுவாய்?’ என்று கேட்டுவிட்டு, அவள் நகர்த்தும்வரை எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவள் என்ன ஆடினாள், எவ்வளவு நேரம் எடுத்தாள், ஏன் என்று என்ன சொன்னாள் என்பதை, உங்கள் முதல் நீண்ட ஆட்டத்தின் பதிவோடும் நோட்டில் எழுதிய மூன்று வரிகளோடும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் செஸ் பயிற்சியாளர்